வலையில் வந்த கடற்பஞ்சை வைத்து எம்எஸ்சி புராஜெக்ட் செய்யலாமா?

ராயபுரம்_ரயில்

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் எம்எஸ்சி விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆறு மாத புராஜெக்ட், தலைப்பை இந்த மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். என் தாய்மாமா காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறார். போன வாரம் வலையின் மடியைக் கொட்டும்போது கழிவோடு கழிவாக ஆரஞ்சு நிறத்தில் ஒரு கட்டி விழுந்திருக்கிறது. "இந்த மாதிரி கருமமெல்லாம் உனக்குத்தானே பிடிக்கும்" என்று ஐஸில் போட்டு எடுத்து வந்து கொடுத்தார்.

ஒரு கைப்பிடி அளவு இருக்கும். பழைய சங்கு ஒன்றின் மேல் ஒட்டி வளர்ந்திருக்கிறது. மேலெல்லாம் ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள், உச்சியில் மட்டும் பெரிதாக இரண்டு. அழுத்தினால் ரப்பர் போல அமுங்கித் திரும்ப எழுகிறது. வாசனைதான் தாங்க முடியவில்லை, பூண்டையும் கெட்டுப்போன இறாலையும் சேர்த்து அரைத்த மாதிரி. வீட்டு ஃப்ரீசரில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்ததற்கு அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கடற்பஞ்சு என்பது வரை தெரிகிறது. அதற்கு மேல் தெரியவில்லை. என் கைடு சொல்வது இதுதான்: மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடு, நாலு பாக்டீரியா மேல் சாற்றில் நனைத்த காகித டிஸ்க் வை, வெளி லேப் ஒன்றில் பணம் கட்டி எம்சிஎஃப்-7 என்கிற மார்பகப் புற்றுநோய்ச் செல்லில் சோதனை செய்து வாங்கு, புற்றுநோய் எதிர்ப்புத் திறன் என்று தலைப்பு வை, முடிந்தது. அந்த லேப் ஒரு சாம்பிளுக்குக் கேட்கும் பணம் எங்கள் வீட்டு ஒரு மாத வாடகை. மாமா தருகிறேன் என்கிறார், அதனால்தான் இன்னும் யோசனையாக இருக்கிறது. அவ்வளவு பணத்தைக் கட்டி வாங்கும் அந்தத் தாளில் ஏதாவது இருக்குமா? கடற்பஞ்சிலிருந்து உண்மையிலேயே மருந்து வந்திருக்கிறதா, இல்லை ஆராய்ச்சிக் கட்டுரைகளின் கடைசிப் பத்தியில் மட்டும்தான் வருகிறதா?

அப்புறம் இதை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி தப்பா? பவளம், கடல் அட்டை என்றால் ஃபாரஸ்ட்காரர்கள் கேஸ் போடுவார்கள் என்று கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பஞ்சைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை.

மருந்துக்_கிடங்கு

வந்திருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்மா, மற்றதற்கு விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

நான் ஒரு மருத்துவமனையில் கீமோ மருந்து கலக்கும் அறையில் வேலை செய்கிறேன். இரண்டு கையுறை, கவுன், முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கூண்டுக்குள் கை விட்டு உட்கார்ந்திருக்கும் வேலை. என் கையில் அநேகமாக வாரம் தவறாமல் வரும் மருந்து சைட்டராபின். ரத்தப் புற்றுநோய்க்கு, அதிலும் ஏஎம்எல் என்று சொல்கிற வகைக்கு, இன்றைக்கும் அதுதான் முதுகெலும்பு. நிறைய டோஸ் போகிற நாட்களில் கண் எரிச்சல் வந்துவிடும் என்பதால் வார்டில் அந்த நோயாளிகளுக்கு மணிக்கணக்கு வைத்து ஸ்டீராய்டு சொட்டு மருந்து விடுவார்கள். அந்தச் சொட்டு மருந்து பாட்டில் கட்டிலோரம் இருந்தால் உள்ளே என்ன ஏறுகிறது என்று கேஸ் ஷீட் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

அந்த மருந்தின் பூர்வீகம் கடற்பஞ்சு. அமெரிக்காவில் வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளர், ஃப்ளோரிடாக் கரையில் 1945இல் எடுத்த ஒரு பஞ்சிலிருந்து விசித்திரமான நியூக்ளியோசைடுகளை, அதாவது டிஎன்ஏவைக் கட்டும் துண்டுகள் போன்றவற்றை, பிரித்தார். நம் உடம்பில் இருக்கும் நியூக்ளியோசைடில் ரைபோஸ் சர்க்கரையோ டிஆக்ஸிரைபோஸோ இருக்கும், இதில் அராபினோஸ் இருந்தது. ஸ்பாஞ்சோதைமிடின், ஸ்பாஞ்சோயூரிடின் என்று பெயர் வைத்து 1950களின் தொடக்கத்தில் எழுதினார்கள். சர்க்கரை மாறினாலும் செல் ஏமாந்து வாங்கிக்கொள்கிறது என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. அதை வைத்து மற்றவர்கள் ஆய்வகத்தில் செய்ததுதான் சைட்டராபின். வேகமாகப் பெருகுகிற செல் இதைத் தன் டிஎன்ஏவில் கோத்துக்கொள்ளும், கோத்த இடத்தில் சங்கிலி நின்றுவிடும். அமெரிக்காவில் 1969இல் அனுமதி கிடைத்தது. அதே வழியில் வந்த விடராபின் 1976இல் வைரஸ் மருந்தாக வந்தது.

ஒன்றைக் கவனியுங்கள், நான் கையில் பிடிக்கிற குப்பியில் பஞ்சு என்று எதுவும் கிடையாது. முழுக்கத் தொழிற்சாலையில் செய்வது. கடல் கொடுத்தது யோசனை மட்டும்தான்.

இன்னொன்று எரிபுலின். மார்பகப் புற்றுநோய் உடம்பில் பரவி, மற்ற மருந்துகள் கேட்காமல் போன பிறகு போடுவது, 2010இல் அனுமதி. அது ஜப்பான் கடற்கரைப் பஞ்சு ஒன்றிலிருந்து 1980களில் ஹிராட்டாவும் உயெமுராவும் பிரித்த ஹாலிகோண்ட்ரின் பி என்ற பொருளின் பாதி உருவம். பாதி என்று நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, ஹார்வர்டில் கிஷி குழுவினர் முழு மூலக்கூறையும் 1992இல் செய்து முடித்த பிறகு, அதில் ஒரு பக்கம் இருந்தாலே வேலை நடக்கிறது என்று தெரிந்து அந்தப் பக்கத்தை மட்டும் வைத்து மருந்தாக்கினார்கள். அந்தப் பாதியைச் செய்யவே அறுபதுக்கு மேல் படிகள்.

ஆக, வந்திருக்கிறது. விரல் விட்டு எண்ணுகிற அளவில்.

வைத்தியர்_பேரன்

இதெல்லாம் நம்மவர்களுக்கு அப்போதே தெரியும். சித்தத்தில் கடல்நுரை என்று இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தாத்தா உரலில் இடித்து வைத்திருப்பார்.

ஈரக்கால்

தம்பி, கடல்நுரை பஞ்சு இல்லை, கணவாய் ஓடு. கடற்கரையில் வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும், கிளி வளர்க்கிறவர்கள் கூண்டில் செருகி வைப்பார்கள், அதேதான். தாத்தா இடித்தது அதைத்தான் இருக்கும். இந்தக் குழப்பம் புதிதில்லை, கடற்பஞ்சு என்று சொன்னால் கடற்பாசியா என்று கேட்டு அகர் அகர் ஜெல்லிக்குப் போகிறவர்களும் உண்டு. பாசி தாவரம் மாதிரி வெயிலில் சமைத்துச் சாப்பிடுவது. பஞ்சு விலங்கு.

இப்போது தங்கச்சிக்கு. நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள். நீ நிற்கிற அதே இடத்தில் பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் நின்றேன்.

பஞ்சில் ஏன் மருந்து தேடுகிறார்கள் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஓட முடியாது, கடிக்க முடியாது, மூடிக்கொள்ள ஓடு கிடையாது, உட்கார்ந்த இடத்தில் வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். நீ பார்த்த சின்ன ஓட்டைகள் தண்ணீர் உள்ளே போகிற வழி, உச்சியில் இருக்கும் இரண்டும் வெளியே வருகிற வழி. ஒரு கிலோ பஞ்சு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் வடிகட்டும், அந்தத் தண்ணீரில் வருகிற கிருமி அத்தனையும் உடம்புக்குள் புகுந்து போகிறது. அப்படிப்பட்ட ஜீவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ரசாயனத்தைத்தான் நம்ப வேண்டும். பக்கத்து இடத்தைப் பிடிக்க வரும் பவளத்தைத் தள்ளி நிறுத்துவதும் அதுதான், கடித்துப் பார்த்த மீன் துப்பிவிட்டுப் போவதும் அதனால்தான், அம்மா உன்னோடு பேசாமல் இருந்ததற்கும் அதுவே காரணம்.

அதிலும் ஒரு திருகல் இருக்கிறது. சில வகைப் பஞ்சுகளில் உடம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாக்டீரியாதான். பஞ்சில் கிடைத்தது என்று நாம் கொண்டாடுகிற பொருளை உண்மையில் தயாரிப்பது பல நேரம் உள்ளே குடியிருக்கும் இந்த வாடகைதாரர்கள்தான். தியோனெல்லா ஸ்வின்ஹோய் என்ற பஞ்சில் கிடைத்த பொருட்களில் அநேகமாக எல்லாமே என்டோதியோனெல்லா என்ற ஒரு பாக்டீரியா செய்வது என்று 2014இல் காட்டினார்கள். அதை மட்டும் தனியாகத் தட்டில் வளர்க்கலாமே என்றால், இவற்றில் பெரும்பாலானவை வளர மாட்டேன் என்கின்றன.

சரி, உன் கைடு சொன்ன திட்டத்துக்கு வருகிறேன். நான் செய்ததும் அச்சு அசலாக அதுதான். தென்சென்னையில் ஒரு ஆய்வகம், பெயர் வேண்டாம். முதல் வருடம் மீனவர்களிடம் வாங்கிய ஒரு கறுப்புப் பஞ்சில் சாறு எடுத்தேன், டிஸ்க்கைச் சுற்றி ஸ்டாஃபைலோகாக்கஸ் வளராத வளையம் பளிச்சென்று விழுந்தது. கேமராவில் நாற்பது படம் எடுத்தேன். செல் சோதனையிலும் நல்ல எண் வந்தது. கட்டுரையில் பஞ்சின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் பேரினத்தை மட்டும் உத்தேசமாகப் போட்டு, பின்னால் எஸ்பி என்று, அதாவது எந்த வகை என்று தெரியாது என்பதற்கான சுருக்கத்தைப் போட்டு, ஒரு புள்ளி வைத்து முடித்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் பொருளைப் பிரித்தெடுக்க இன்னும் இரண்டு கிலோ வேண்டும் என்று அதே கறுப்புப் பஞ்சு வாங்கினேன், வளையம் விழவே இல்லை. மூன்று முறை செய்தேன். அப்போதுதான் உறைத்தது, இரண்டாவது வாங்கியது அதே பஞ்சுதானா என்று எனக்கே தெரியாது. கடலில் கறுப்பாக, மெத்தென்று இருப்பது பத்து வகை இருக்கும். முதல் பஞ்சின் மிச்சம் ஃப்ரீசரில் இருக்கிறதே, ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அது 2015 நவம்பர் கடைசி. டிசம்பர் முதல் வாரத்தில் வெள்ளம் வந்தது, கரண்ட் போய் ஐந்தாம் நாள் இடுப்பளவு தண்ணீர் வடிந்த பிறகு அந்த ஃப்ரீசர் கதவைத் திறந்தவன் நான்தான். அந்த நாற்றத்தை இங்கே எழுத முடியாது. ஆல்கஹாலில் ஒரு சுண்டுவிரல் அளவு துண்டு போட்டு அலமாரி மேல் தட்டில் வைத்திருந்தால் மூன்று வருட வேலை பிழைத்திருக்கும். வைக்கவில்லை.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: பணத்தை அந்த லேபில் கட்டாதே, முதலில் இது யார் என்று கண்டுபிடி. அதையே புராஜெக்ட்டாக வை.

மெத்தனால் சாறு என்பது ஆயிரம் பொருள் கலந்த குழம்பு, அதோடு கடல் உப்பும். அதை அதிக அளவில் ஊற்றினால் எந்தச் செல்லும்தான் சாகும், ரசத்தை ஊற்றினாலும் சாகும். மில்லிலிட்டருக்கு இருபது முப்பது மைக்ரோகிராமுக்குள் பாதிச் செல் செத்தால்தான் அடுத்த படி பற்றிப் பேசவே முடியும். நம் ஊர்க் கட்டுரைகளில் 200, 300 என்று எண் போட்டுவிட்டு நம்பிக்கையளிக்கிறது என்று எழுதுகிறார்கள். நல்ல செல்லையும் சேர்த்துக் கொல்கிறதா என்று பார்த்தார்களா என்றால் அதுவும் இருக்காது. டிஸ்க்கைச் சுற்றி விழும் வளையம் மருந்தின் வீரியத்தை மட்டுமா காட்டுகிறது, ஜெல்லில் எவ்வளவு தூரம் அது பரவியது என்பதும் சேர்ந்துதான் வளையம். அப்படியே நல்ல பொருளாக இருந்தாலும், நாற்பது வருடமாக உலகம் முழுக்கப் பஞ்சைப் பிழிந்திருக்கிறார்கள், ஏற்கெனவே தெரிந்த பொருளா என்று எல்சி-எம்எஸ், என்எம்ஆர் என்று மூலக்கூறை அடையாளம் காட்டும் கருவிகளை வைத்துப் பார்க்காமல் புதிது என்று சொல்லவே கூடாது. உன் ஆறு மாதத்தில் அது நடக்காது.

மருந்துக்_கிடங்கு அக்கா சொன்ன ஹாலிகோண்ட்ரினையே எடுத்துக்கொள். ஜப்பானில் 600 கிலோ பஞ்சைப் பிழிந்து 12.5 மில்லிகிராம் ஹாலிகோண்ட்ரின் பி கிடைத்தது. அக்கா, எரிபுலின் ஒரு ஊசிக்கு எவ்வளவு போகும்?

மருந்துக்_கிடங்கு

உடம்பின் பரப்புச் சதுர மீட்டருக்கு 1.4 மில்லிகிராம். நம் ஊர்ப் பெண்களுக்கு ஒன்றரைச் சதுர மீட்டர் சுமார் என்று வைத்தால் இரண்டு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல். மூன்று வாரத்துக்கு இரண்டு ஊசி.

ஈரக்கால்

பார், 600 கிலோவுக்கு ஆறு ஊசிகூடத் தேறாது, ஒரு பெண்ணுக்கு மூன்று மாதம் ஓடாது. வேறு பொருள், வேறு டோஸ் என்றாலும் கணக்கின் அளவு அதுதான். பிறகு நியூசிலாந்தில் வேறொரு பஞ்சை ஒரு டன் அள்ளி எடுத்தும் கிடைத்தது 300 மில்லிகிராம் சொச்சம். கடலைக் காலி பண்ணி மருந்து செய்ய முடியாது என்று அப்போதே முடிவாகிவிட்டது. டிஸ்கோடெர்மோலைடு என்று இன்னொன்று, கரீபியன் ஆழக்கடல் பஞ்சில் கிடைத்தது. சோதனைக்கு வேண்டிய 60 கிராமை ஆய்வகத்திலேயே செய்தார்கள், முப்பத்தொன்பது படி. கடைசியில் நோயாளிகளுக்கு நுரையீரல் பாதிப்பு வந்து கைவிட்டார்கள். இந்த ஆட்டம் எம்எஸ்சி மேஜையில் ஆடுவதில்லை.

உன் மேஜையில் ஆடக்கூடியதும், ஆள் பஞ்சம் இருப்பதும், பெயர் கண்டுபிடிக்கிற வேலைதான். உலகத்தில் ஒன்பதாயிரத்துக்கு மேல் பஞ்சு வகைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மன்னார் வளைகுடா, பாக் விரிகுடாப் பக்கம் மட்டும் பி. ஏ. தாமஸ் 275 வகை பட்டியல் போட்டார், 1986இல். நம் சென்னைக்கு? எழும்பூர் மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இங்கே சேகரித்த பஞ்சுகளை லண்டனுக்கு அனுப்ப, ஆர்தர் டெண்டி மதராஸின் கடற்பஞ்சுகள் என்றே தலைப்பு வைத்து 1887இல் எழுதினார். சாதி, பழங்குடி என்று தடித் தடிப் புத்தகம் போட்டாரே, அதே தர்ஸ்டன்தான். மெரினாவுக்கு எதிரே என்ன வளர்கிறது என்று தேடுகிறவன் இன்றைக்கும் அந்த 1887 தாளில் போய்த்தான் முட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதுவும் துறைமுகம் இந்த அளவுக்கு வளராத காலத்துக் கடல்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நிறத்தையும் உருவத்தையும் நம்பாதே. பஞ்சின் கைரேகை அதன் ஊசிகள்தான், ஸ்பிக்யூல் என்போம். ஃப்ரீசரில் இருப்பதில் ஒரு துண்டை உடனே நல்ல எத்தனாலில் போடு, மறுநாள் அந்த எத்தனாலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்று, பஞ்சுக்குள் இருக்கும் தண்ணீரே ஆல்கஹாலை நீர்க்கச் செய்துவிடும். ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏவும் வீணாகும், சுண்ணாம்பு ஊசியாக இருந்தால் அதுவும் கரையும். அடுத்து மிளகு அளவு ஒரு துண்டை வினிகரில் போடு. குமிழி வந்தால் சுண்ணாம்புப் பஞ்சு, வராவிட்டால் மணல் ஜாதி, அதாவது சிலிக்கா ஊசி, அல்லது ஊசியே இல்லாத வகை. சங்குத் துண்டு ஒட்டியிருந்தால் சங்குதான் குமிழி விடும், ஏமாறாதே. இன்னொரு துண்டைத் துணிக்குப் போடும் சாதாரண ப்ளீச்சில் போட்டு வை, சதையெல்லாம் கரைந்து அடியில் வெள்ளைத் தூள் தங்கும், நாலைந்து முறை தண்ணீர் மாற்றிக் கழுவி ஸ்லைடில் வை. மேல் தோலில் ஒரு துண்டு, நடுவில் ஒரு துண்டு, தனித்தனியாக. வினிகரையும் ப்ளீச்சையும் ஒரே கிண்ணத்தில் சேர்த்துவிடாதே, குளோரின் வரும், அம்மா இந்த முறை இரண்டு நாளோடு விட மாட்டார்கள்.

இன்னும் ஒன்று, அந்தச் சங்கைத் தூக்கிப் போடாதே. பஞ்சுக்கு அடியில் ஓட்டில் வட்ட வட்டமாகத் துளை இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்.

தரமணி_டீக்கடை

சட்டக் கேள்விக்கு நான் வருகிறேன், இந்த வேலையில் கொஞ்ச காலம் இருந்தவன்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001இல் கடல் உயிர்களைச் சேர்த்தபோது பஞ்சில் சுண்ணாம்பு வகைகள் முழுவதையும் சேர்த்தார்கள். மற்ற பஞ்சுகளை அல்ல. அதனால் வினிகர் சோதனை உங்களுக்குச் சட்டச் சோதனையும் கூட! குமிழி வந்தால் கைடு மூலமாக வனத்துறையிடம் எழுத்தில் பேசிவிடுங்கள். பழைய பிடிஎஃப் பார்த்து அட்டவணை எண் எதையும் ஆய்வேட்டில் எழுதாதீர்கள், 2022 திருத்தத்தில் அட்டவணைகளையே மாற்றி எழுதிவிட்டார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியுள்ள தேசியப் பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் எந்தப் பஞ்சையும் எடுக்கக் கூடாது, அது வகையைப் பொறுத்தது இல்லை, இடத்தைப் பொறுத்தது. லீவில் ராமேஸ்வரம் போய் நாலு துண்டு எடுத்து வருகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள்.

இன்னொரு சட்டம் 2002ஆம் வருடத்துப் பல்லுயிர்ச் சட்டம். அதன் தேசிய ஆணையம் டெல்லியில் இல்லை, நம் தரமணியில்தான் இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. இந்திய மாணவி இந்தியக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்ய அங்கே போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் பெயர் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று வெளிநாட்டு நிபுணருக்கு ஒரு துண்டைக் கூரியரில் அனுப்பினால் அது வேறு கதை, அதற்கு முன்அனுமதி வாங்க வேண்டும். எத்தனையோ நல்ல ஆராய்ச்சியாளர்கள் ஆர்வக்கோளாறில் அனுப்பிவிட்டுப் பிறகு முழித்ததைப் பார்த்திருக்கிறேன். காப்புரிமை என்ற பேச்சு எடுத்தாலும் அந்த வாசலுக்குப் போயே ஆக வேண்டும்.

வெளிநாடு வரை போவதற்கு முன், சாந்தோம் நெடுஞ்சாலையில் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கல்லூரிக் கடிதத்தோடு போங்கள். ஒரு துண்டை அங்கே ஒப்படைத்து எண் வாங்கிக்கொண்டால் வெள்ளம் வந்தாலும் ஈரக்கால் கதை உங்களுக்கு நடக்காது.

நாலு_பாகம்

நான் போட்ல போற ஆளு, படிப்பு பத்தாவதுதான், இதுல சொல்லலாமான்னு தெரியலை. இது வலையில எங்களுக்கு அடிக்கடி வரும். சேத்துல இழுத்தா வராது, கல்லு கிட்ட இழுத்தாத்தான் வரும். கல்லு வலையைக் கிழிச்சிடும்னு அந்த இடத்து நம்பரை எல்லா டிரைவரும் ஜிபிஎஸ்ல போட்டு வெச்சிருப்பாங்க, தங்கச்சி மாமாகிட்டயும் இருக்கும். எத்தனை பாகம் தண்ணி (ஒரு பாகம்னா ஆறடி ஆழம்), கல்லா மணலான்னு அவரே சொல்வாரு. வெறுங்கையில எடுக்காதீங்க, சிலது தொட்டா ராத்திரி முழுக்க அரிக்கும், கண்ணாடிப் பஞ்சு குத்தின மாதிரி. நாங்க வெயில்ல காயவெச்சு தூக்கிப் போட்டுடுவோம். இதுக்குப் போய் லண்டன்ல புத்தகம் போட்டிருக்காங்கன்னு இன்னிக்குத்தான் தெரியும்.

ஏப்ரல் 15லருந்து 61 நாள் தடைக்காலம், போட்டு போகாது. வேணும்ங்கறதை அதுக்கு முன்னாடியே சொல்லி வெச்சுக்கோங்க.

ஈரக்கால்

அண்ணே, இந்தத் திரியிலேயே உருப்படியான பதிவு உங்களுடையதுதான். இடமும் ஆழமும் தரையின் தன்மையும் இல்லாமல் ஆல்கஹால் பாட்டிலில் கிடக்கிற பஞ்சுகள் ஒவ்வொரு கல்லூரி மியூசியத்திலும் வரிசையாக இருக்கின்றன, ஒன்றுக்கும் உதவாது. தங்கச்சி, தலைப்பு கிடைத்துவிட்டது பார்: காசிமேட்டு விசைப்படகுகளின் வலைக்கழிவில் வரும் கடற்பஞ்சுகள். ஒரு பஞ்சு இல்லை, தடைக்காலத்துக்கு முன்னால் மாமா எடுத்துத் தருகிற எல்லாமும். அவரே கோழித்தீவனத்துக்கு அனுப்பப் போகிற குவியலிலிருந்து எடுப்பதால் நீ தனியாகக் கடலிலிருந்து எதையும் பறிக்கவும் வேண்டாம்.

ராயபுரம்_ரயில்

ஒன்பது நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கைடோடு பேசிச் சம்மதிக்க வைக்கவே நாலு நாள் ஆனது. புற்றுநோய் என்ற வார்த்தை தலைப்பில் இல்லாவிட்டால் யார் படிப்பார்கள் என்று கேட்டார். கடைசியில், டிஸ்க் சோதனையை ஒரு சின்னப் பகுதியாக வைத்துக்கொள்கிறேன், பெயர் தெரிந்த பஞ்சுகளுக்கு மட்டும், என்று பேசி முடித்தேன். வெளி லேப் வேண்டாம் என்றாகிவிட்டது, மாமாவுக்கு வாடகைப் பணம் மிச்சம்.

வினிகரில் முதலில் குமிழி வந்து பயந்துவிட்டேன். பிறகு பார்த்தால் அண்ணா சொன்ன மாதிரியே சங்குத் துகள். சுத்தமாக நடுவிலிருந்து எடுத்துப் போட்டேன், ஒரு குமிழிகூட இல்லை.

ப்ளீச்சில் போட்டது அரை மணியில் கரைந்து அடியில் கோலமாவு போலத் தங்கியது. ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் 40 மடங்கில் பார்த்தபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், தையல் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி முழுக்கக் குண்டூசி! ஒரு முனை கூர், மறு முனையில் உருண்டையாகத் தலை. எல்லாம் ஒரே மாதிரி, நீளம் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே. மேல் தோல் துண்டில் சின்னவை அதிகம், நடுவில் பெரியவை. வேறு வடிவம் எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை.

சங்கையும் பார்த்தேன். பஞ்சை மெதுவாக விலக்கினால் ஓட்டில் கடுகு அளவில் வட்டத் துளைகள், வரிசை இல்லாமல், பதினேழு எண்ணினேன். அப்படியென்றால் ஓட்டைத் துளைக்கிற கிளையோனா வகைதானே? எழுதிவிடலாமா?

ஈரக்கால்

எழுதாதே, எழுதாதே! குண்டூசிக்குப் பெயர் டைலோஸ்டைல். கிளையோனாவிலும் உண்டு, துளைக்கவே துளைக்காமல் சங்கின் மேல் சும்மா ஏறி உட்காருகிற சூபெரைட்டஸிலும் உண்டு. சூபெரைட்டஸ் என்றால் தோலுக்கு அடியில் சின்னக் குண்டூசிகள் கூர்முனை வெளியே பார்க்க வேலி மாதிரி அடுக்கி நிற்கும், நீ சொல்வது அப்படியும் படிக்கலாம். துளை போட்டது வேறொருவன், அவன் செத்த பிறகு காலி வீட்டின் மேல் இவன் குடிவந்திருக்கலாம். கிளையோனாவில் பல வகைகளில் குண்டூசியோடு முறுக்குக் கம்பி மாதிரி மிகச் சின்ன ஊசிகளும் இருக்கும், 40-இல் தெரியாது, கழுவும்போது அதுதான் முதலில் தண்ணீரோடு போய்விடும். இந்த முறை கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் ஒரு இரவு அப்படியே தங்க விட்டு, அடிவண்டலை 400 மடங்கில் பார்.

துளைக்குள்ளே சதை மிச்சம் இருந்தால் ஊசிமுனையால் கிளறி எடுத்து அதைத் தனியாக ப்ளீச்சில் போடு. உள்ளே இருப்பவனும் வெளியே இருப்பவனும் ஒரே ஆளா என்று அதில் பாதி தெரிந்துவிடும்.

ராயபுரம்_ரயில்

துளைக்குள் மஞ்சளாக ஏதோ இருக்கிறது! வெளியில் இருப்பது ஆரஞ்சு. சரி, நாளைக்கு எடுத்துப் போடுகிறேன், முடிவு சொல்கிறேன்.

மாமா வாட்ஸ்அப்பில் இடத்து நம்பர் அனுப்பியிருக்கிறார், பதினெட்டுப் பாகம், கல்லோரம். கூடவே இன்னும் நாலு கட்டி எடுத்து வைத்திருக்கிறாராம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கவர், கவர் மேல் மார்க்கரில் தேதியும் நம்பரும். அம்மாதான் ஃப்ரீசரில் கீழ்த் தட்டை ஒழித்துக் கொடுத்தார்கள். பால் பாக்கெட் மேல் தட்டுக்குப் போய்விட்டது.